ஒரு ‘சரி’க்கு மூன்று வாரம்

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் பாடம் எடுத்துக்கொண்டே பார்ட்-டைமாக பிஎச்.டி. செய்கிறேன். தலைப்பைச் சொன்னால் சிவில்காரர்கள் "இது எஜுகேஷன் ஆச்சே மேடம்" என்பார்கள், எஜுகேஷன்காரர்கள் "எஸ்டிமேட் கணக்கு எங்களுக்கு எதுக்குங்க" என்பார்கள். மாணவர்கள் ஆன்லைனில் குழுவாகக் கட்டுமானச் செலவுக் கணக்குப் போடும்போது நிஜமாகவே சேர்ந்து கற்கிறார்களா, இல்லை ஆளுக்கு ஒரு பக்கம் செய்து கடைசியில் ஒட்டவைக்கிறார்களா, இவ்வளவுதான் என் கேள்வி. இப்படி இரண்டு துறைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு டேட்டா அனாலிசிஸில் நிற்கிற யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன்.

எஸ்டிமேஷன் வகுப்பை நாலு நாலு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கூகுள் ஷீட், ஒரு சாட் குரூப், ஆறு வாரம் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே வீட்டு பிளான், ரேட் அனாலிசிஸ், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு யூனிட்டுக்கு என்ன செலவு என்ற கணக்கு, போட வேண்டும். ஊரை மட்டும் மாற்றினேன்: ஒரு குழுவுக்கு அம்மாபேட்டை, ஒன்றுக்குக் கொண்டலாம்பட்டி, ஒன்றுக்கு ஏற்காடு மலையில் நாகலூர்.

முதல் தலைவலி அனுமதி. மார்க் போடுகிறவளே சாட்டைப் படிக்கக் கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? அதனால் சம்மதப் படிவத்தை நான் வாங்கவில்லை. ஆங்கிலத் துறையில் இருக்கும் தோழி வாங்கி உறையில் ஒட்டி வைத்துக்கொண்டார், இன்டர்னல் மார்க் போட்டு முடித்த பிறகுதான் யார் சம்மதித்தார்கள் என்றே எனக்குத் தெரிந்தது. இதை மட்டும் ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள், பிறகு சரிசெய்யவே முடியாது.

இரண்டாவது, நான் ஆரம்பித்துக் கொடுத்த சாட் குரூப்பில் "குட் மார்னிங் மேம்" தவிர ஒன்றுமே இல்லை. மூன்றாவது வாரம் ஒரு பையன் வாய் தவறி, "அத நாங்க எங்க குரூப்லயே பேசிக்கிட்டோம் மேம்" என்றான். எல்லாக் குழுவும் நான் இல்லாத வாட்ஸ்அப் குரூப் ஒன்று வைத்திருந்தது. அப்புறம் என்ன, அதற்குத் தனியாக இன்னொரு சம்மதம், பெயரையும் நம்பரையும் அழித்துவிட்டுத்தான் என் கைக்கு வர வேண்டும் என்று ஏற்பாடு, வாய்ஸ் மெசேஜை எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதியது என்று ஒரு மாதம் போனது.

பேச்சை வகைப்படுத்த 1997-இல் குணவர்தனவும் லோவும் ஆண்டர்சனும் சேர்ந்து வெளியிட்ட ஐந்து கட்ட மாதிரியை எடுத்துக்கொண்டேன். தகவலைப் பகிர்வது, முரண்பாடு தெரிவது, பேசிப் பேசிப் புதுப் புரிதலுக்கு வருவது, அதைச் சோதிப்பது, கடைசியில் உடன்பட்டுப் பயன்படுத்துவது. ஒரு சர்வதேச ஆன்லைன் விவாதத்தை வைத்து உருவாக்கிய மாதிரி அது. அவர்களுக்கு நம்ம ஊர் ‘சரி’ மாட்டியிருக்காது.

எனக்கு மாட்டியது. "சரி", "சரிங்க", "சரி சரி", "சரி விடு", "சரி அப்புறம்". ஒவ்வொரு மெசேஜும் எந்தக் கட்டம் என்று நானும் அதே ஆங்கிலத் துறைத் தோழியும் தனித்தனியாகக் குறித்தோம். நான் ஒரு ‘சரி’யை ஐந்தாம் கட்டம், உடன்பாடு என்று போட்டால், தோழி அதையே முதல் கட்டம் என்று போடுகிறார். "மேடம், இது ஒத்துக்கிட்ட சரி இல்ல, போனை வைக்கிற சரி" என்கிறார். இரண்டு பேர் குறித்தது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்கிற கோஹனின் கப்பா கணக்குப் போட்டால் 0.6-ஐக்கூடத் தொடவில்லை. 1977-இல் லாண்டிஸும் காக்கும் போட்ட அளவுகோலின்படி 0.61-க்கு மேல் போனால்தான் இரண்டு பேருக்கும் கணிசமான ஒப்புமை. மூன்று வாரம் இந்த ஒரு சொல்லில் நின்றோம்.

வழி காட்டியது நாகலூர்க் குழு. அதில் ஒரு பெண்ணுக்கு ஊரே அதுதான், அப்பா கொத்தனார். ராத்திரி பதினொன்றரைக்கு மேல் நடந்த பேச்சு இது (லீட் என்றால் பொருளை வேலையிடத்துக்குக் கொண்டுவரும் தூரத்துக்கான செலவு, டாரஸ் என்றால் பெரிய லாரி):

"எம்-சாண்ட் யூனிட் ரேட் போட்டாச்சு, லீடும் சேத்தாச்சு."

"அந்த ரேட்டுக்கு எங்க ஊருக்கு யாருடா கொண்டாந்து கொட்டுவா?"

"கிலோமீட்டர் கணக்கு பாத்துதான போட்டிருக்கு."

"இருபது கொண்டை ஊசி இருக்கு. எங்கப்பா அடிவாரத்துல டாரஸ்ல இருந்து சின்ன வண்டிக்கு மாத்தித்தான் ஏத்துறாரு. ஏத்துகூலி ரெண்டு தடவை."

"சரி."

இந்த ‘சரி’க்கு என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டே அந்தக் குழுவின் ஷீட்டில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தேன். நாலே நிமிடத்தில், சரி என்று சொன்ன அதே பையன் லீட் ஸ்டேட்மென்டில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘அடிவாரம், மறு ஏற்றுகூலி’. அடுத்து வாட்ஸ்அப்பில் இன்னொருவன், "அப்ப செங்கலுக்கும் அதேதான? ரெண்டு தடவை மாத்துனா உடைசலும் கூடுமே" என்று கேட்டிருந்தான்.

பிறகு விதி எளிதாகிவிட்டது. ‘சரி’க்குப் பிறகு ஷீட்டில் ஒரு எண்ணாவது மாறியதா என்று பார், மாறினால் உடன்பாடு, மாறாவிட்டால் பேச்சை முடிக்கிற சரி. எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பப் போட்டோம், கப்பா 0.7-ஐத் தாண்டியது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் தட்டு வடை செட் சாப்பிட்டது ஆய்வுச் செலவில் சேராது.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான பேச்சு முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. எம்20 தரக் கான்கிரீட் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் என்று எல்லாக் குழுவும் எழுதியிருந்தது, ஈரக் கான்கிரீட்டின் அளவை உலர்ந்த பொருளின் அளவாக மாற்ற 1.54-ஆல் ஏன் பெருக்குகிறோம் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. புத்தகத்தில் இருக்கிற எண்ணுக்கு யார் சண்டை போடுவார்கள்? நடுவில் 2025 செப்டம்பர் 22-இல் சிமென்ட் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தபோது மட்டும் மறுபடி சூடு பிடித்தது. அடிப்படை விலை 300 என்று வைத்தால் மூட்டைக்கு 30 ரூபாய் இறங்க வேண்டும். "வரி குறைஞ்சா கடைக்காரர் குறைச்சிருவாராக்கும்" என்று ஒருத்தி கேட்க, கொண்டலாம்பட்டிக் குழுவில் ஒருவன் நேராகக் கடைக்கே போய் பில்லைப் படம் எடுத்துப் போட்டான். நான்காம் கட்டம், சந்தேகமே இல்லை.

என் ஆய்வை மதிப்பிடுகிற டாக்டரல் கமிட்டி (டி.சி.) மீட்டிங்கில் ஒரு உறுப்பினர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "எண் மாறினா சரி, ஆனா அது தப்பான எண்ணா இருந்தா?" என்றார். நியாயமான கேள்வி. நாகலூர்க் குழு போட்ட மறு ஏற்றுகூலி அந்தப் பெண் வாயால் சொன்னதுதான், கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ஒரு மாதத்துக்குள் அதைச் சரிபார்த்துச் சேர்க்கச் சொல்லி சாப்டரை ஏற்றுக்கொண்டார்கள். அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன், போன வருஷம் வீடு கட்டிய மணல் சீட்டு, வண்டிவாடகைச் சீட்டு எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருக்கிறாராம். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மேலே போகிறேன்.