கத்திரி வெயிலில் இடம் மாறிய குண்டுமல்லி

மே மாதம் முடிவதற்குள் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கிணற்றடியில் அம்மா வைத்த குண்டுமல்லியை நினைத்துத்தான் எங்களுக்குக் கவலை. ஏழு வருடச் செடி, இடுப்பளவுப் புதர். மழைக்காலத்தில் மாற்றுவதுதான் முறை. அதுவரை காத்திருக்க வழியில்லை.

ஏப்ரல் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பித்தேன். தூரிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி, வட்டத்தின் ஒரு பாதியை மட்டும் மண்வெட்டியால் ஓரடி ஆழம் வெட்டி, மக்கிய இலையும் மணலும் போட்டு மூடினேன். இரண்டு வாரம் கழித்து மறுபாதி. தண்ணீரை உறிஞ்சுவது மயிர் போன்ற சின்ன வேர்கள்தான். வெட்டிய இடத்தில் அவை புதிதாக விட்டால், தோண்டும்போது மண்ணோடு சேர்ந்து வந்துவிடும்.

மே 10-ம் தேதி தூர் நனைய நீர் விட்டு, மறுநாள் வெயில் தாழ்ந்ததும் தோண்டினோம். அதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழித்தேன். “இவ்வளவு மொட்டு இருக்கேடா” என்று அம்மா தவித்துப்போனார். மொட்டுகளையும் கிள்ளித்தான் ஆக வேண்டியிருந்தது. நனைத்த சணல் சாக்கை மண்கட்டிக்கு அடியில் செருகி, கயிறு சுற்றி, நாலு பேர் சாக்கைப் பிடித்துத் தூக்கினோம். தண்டைப் பிடித்திருந்தால் மண் உதிர்ந்திருக்கும். குட்டியானை வண்டியில் காற்று அடிக்காமல் ஈரப் போர்வை போர்த்திக் கொண்டுபோனோம்.

புது வீட்டில் குழி தயாராக இருந்தது. பழைய ஆழத்திலேயே நட்டு, வைக்கோல் பரப்பி, மேலே 50 சதவீத நிழல் வலை கட்டினேன். உரம் எதுவும் போடவில்லை.

ஐந்தாம் நாள் இலையெல்லாம் கொட்டியது. பயத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அதுதான் நான் செய்த தப்பு. மண்ணில் புளித்த வாடை வந்துவிட்டது. அப்புறம் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்றினேன். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையைத் தினமும் அம்மாவிடம் காட்டுவேன்.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு கணுவில் கடுகளவு துளிர். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

ஆடியில் நாலு பூ பூத்தது. நவம்பர் கடைசியில் கவாத்து செய்யலாம் என்கிறேன். இந்த வருடம் அதன்மேல் கத்தியே படக்கூடாது என்கிறார் அம்மா.