கீரைக்கு ஒரு விதைப்பு, கயிற்றுக்கு ஒரு விதைப்பு

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டான ஊர் இது. காலெட்பேட்டை என்ற பெயர்தான் மக்கள் வாயில் காலடிப்பேட்டையாயிற்று. என் தாத்தா பெரம்பூர் பி அண்டு சி மில்லில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். 1996-இல் அந்த மில் மூடப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. நூலை நம்பி எழுந்த ஊரில், நூற்று வாழ்ந்தவரின் பேத்தியாகப் பிறந்தும், நாரையும் நூலையும் கையால் தொட்டுப் பழகாமலே முப்பத்தாறு வயதைக் கடந்துவிட்டேன் என்பது எனக்குள் நெடுநாளாக இருந்த குறை.

அந்தக் குறை தீர வழி காட்டியது ஒரு கீரைக்கட்டு. திருவொற்றியூர்ச் சந்தையில் நான் வழக்கமாகக் கீரை வாங்கும் ஆயா, மற்றவர்களைப் போல ரப்பர் வளையம் போடாமல், வெளிறிய நாரால் கட்டி வைத்திருப்பார். ஒருநாள் அந்த நாரைப் பிரித்து இழுத்துப் பார்த்தேன், அறவில்லை. இது என்ன நார் என்று கேட்டபோது, "நீ வாங்குற கீரையோட தண்டுதான் கண்ணு" என்றார். புளிச்சக்கீரையைச் சமைக்கத் தெரியும். எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகளில் கோங்குரா என்று ஊறுகாய் போடுவதும் தெரியும். அதன் தண்டுக்குள் கயிறு இருக்கிறது என்பது தெரியாது. கற்றுத்தருவீர்களா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் அன்று முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை: "வந்து போய்க் கத்துக்க முடியாது. இருந்து கத்துக்கிறதுன்னா வா."

ஆடி பிறந்த வாரம் புறப்பட்டேன். மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஊர்ந்த பேருந்து மணலி புதுநகரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கொசஸ்தலை ஆற்றின் பக்கம் போனால் ஆயாவின் வீடு. சென்னை மாநகராட்சி எல்லைக்குள்தான் இருக்கிறது என்றாலும், அங்கே மூன்று ஏக்கர் நிலமும், நான்கு மாடுகளும், பதினைந்து செம்மறி ஆடுகளும், வரப்போரம் பனைகளும் உண்டு. இரவில் வடக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் எரியும். ஆயாவும் தாத்தாவும் அவர்களுடைய மகனும் மருமகளும் பேரனும் இருக்கும் அந்த வீட்டின் தாழ்வாரத்தில் எனக்கு ஒரு நார்க்கட்டில் கிடைத்தது. பணம் வாங்க மறுத்துவிட்டார்கள். வீட்டு ஆள் செய்யும் வேலை எல்லாவற்றையும் நானும் செய்வது, வீட்டு ஆள் உண்பதை உண்பது, ஐப்பசி மழைக்கு முன் ஊர் திரும்புவது. இதுதான் எங்களுக்குள் இருந்த பேச்சு.

நார்வேலை கற்கப் போகிறவர்கள் மனத்தில் பெரும்பாலும் கம்பளி இருக்கும். மேலைநாட்டுப் பண்ணைகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்து, கழுவி, சிக்கெடுத்து, ராட்டையில் நூற்பதைக் காணொளிகளில் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த எண்ணமே இருந்தது. ஆயா வீட்டு ஆடுகள் இந்தப் பக்கத்துக்கே உரிய சென்னைச் சிவப்பு இனம். அவற்றின் உடலில் இருப்பது குட்டையான முடியே தவிர கம்பளி அன்று. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தருவது குளிர்மலையில் வாழும் நீலகிரி ஆடு. வெக்கையான கடலோரத்தில் நார் என்பது செடியிலிருந்தும் மரத்திலிருந்தும்தான் வரும் என்பதை முதல் நாள் ஆட்டுப்பட்டியைக் கூட்டும்போதே கற்றேன்.

முதல் மூன்று வாரம் நான் நாரைத் தொடவே இல்லை. விடியற்காலை நான்கரைக்கு எழுந்து சாணம் அள்ளுவது, மருமகள் அக்கா பால் கறக்கும்போது கன்றைப் பிடித்து நிற்பது, ஐந்தரைக்குள் கீரை அறுப்பது, வெயில் ஏறுவதற்குள் களையெடுப்பது. வயலில் அப்போது சணப்பு மஞ்சள் பூவோடு இடுப்பளவு நின்றது. சம்பா நடவுக்கு முன் நிலத்துக்கு உரமாக அதை மடக்கி உழுவார்கள். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைப்பதால், யூரியா மூட்டை குறைகிறது. டிராக்டர் உழுதுகொண்டே வந்தபோது, வரப்பை ஒட்டிய இரண்டு வரிசையை மட்டும் தாத்தா விடச்சொன்னார். ஏன் என்று கேட்டேன். "பூவுல மடக்குனா எரு. காய்க்க விட்டா நாரு" என்றார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே பத்து வாக்கியம் இருக்கும். அதில் இது ஒன்று.

அதே கணக்கு புளிச்சையிலும் இருந்தது. ஆயா வைகாசிக் கடைசியில் ஒரே விதையை இரண்டு பாத்தியில் விதைத்திருந்தார். ஒன்றில் செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி; அதன் கொழுந்தைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் வெடித்துப் புதராகிக் கீரை தந்துகொண்டே இருக்கும். மற்றொன்றில் நெருக்கி விதைப்பு. நான்கு விரல் இடைவெளிகூட இல்லை. அங்கே கொழுந்தைக் கிள்ளக் கூடாது. வெளிச்சத்துக்குப் போட்டியிட்டுச் செடிகள் கிளைக்காமல் நேராக உயரும். கிளை வெடித்த இடத்தில் பட்டை கிழியும். கிழிந்த இடத்தில் நார் அறும். அறுந்த நாரில் கயிறு பலமிழக்கும். நான் ஒருமுறை அறியாமல் நெருக்கப் பாத்தியில் ஏழெட்டுக் கொழுந்தைக் கிள்ளிவிட்டேன். ஆயா திட்டவில்லை. ஒவ்வொரு செடியிலும் ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கட்டிவிட்டுப் போனார். கயிற்றின் தரம் கயிறு திரிப்பவரின் கையில் இருக்கிறது என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன். அதில் பாதி விதைக்கிறவர் விடும் இடைவெளியில் இருக்கிறது என்பதை அந்தத் துணித் துண்டுகள் பிற்பாடு எனக்குக் காட்டின.

பகல் நீளம் குறையத் தொடங்கியதும் புளிச்சை பூத்தது. பூத்துப் பிஞ்சு வைக்கும் தறுவாய்தான் அறுப்புக்கு ஏற்றது. அதற்கு முன் அறுத்தால் நார் மெலிந்திருக்கும், காய் முற்றிவிட்டால் நார் முரடாகிவிடும். புரட்டாசி இரண்டாம் வாரம் அடியோடு அறுத்து, கை கொள்ளும் அளவு கட்டுகளாகக் கட்டி, இலை உதிர இரண்டு நாள் வயலிலேயே நிறுத்தி வைத்தோம். ஆள் உயரத்தைத் தாண்டிய தண்டுகள் அவை. பிறகு ஊறப்போட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. ஆவணியிலும் புரட்டாசியிலும் மாலை இடிமழை நிரப்பிய ஒரு பள்ளத்தைத்தான் ஊறலுக்கென்று வைத்திருக்கிறார்கள். மீன் இருக்கும் குட்டையில் போடமாட்டார்கள். தண்டு அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளி தீர்ந்து மீன் செத்து மிதக்கும்.

அடித்தண்டு தடிமன் ஆதலால் முதலில் மூன்று நாள் கட்டுகளை நட்டமாக நிறுத்தி அடியை மட்டும் நனையவிட்டோம். பின் படுக்கவைத்து, மேலே வைக்கோலைப் பரப்பிக் கல் ஏற்றி, முழுக்க அமிழ்த்தினோம். நீரிலிருக்கும் நுண்ணுயிர்கள் பட்டையைத் தண்டோடு ஒட்டியிருக்கும் பசையைத் தின்னுகின்றன. பசை தீர்ந்தால் பட்டை தானாகக் கழன்றுகொள்ளும். ஆனால் அவை அதோடு நிற்பதில்லை. விட்டுவைத்தால் நாருக்கு நாரைப் பிணைக்கும் பசையையும் தின்றுவிடும். ஆகவே எட்டாம் நாளிலிருந்து தினமும் காலையிலும் மாலையிலும் ஒரு தண்டை உருவி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் நெருடிப் பார்க்க வேண்டும். பட்டை வழுக்கிக்கொண்டு நீள உரிந்து வந்தால் பதம்.

பதம் எப்படி இருக்கும் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆயாவால் சொல்ல முடியவில்லை. என் விரலைப் பிடித்துத் தண்டின் மேல் வைத்துத் தேய்த்தார், அவ்வளவுதான். பத்தாம் நாள் என் பொறுப்பில் இரண்டு கட்டுகளை விட்டார். மறுநாள் காலடிப்பேட்டையில் ஓர் உறவினர் வீட்டுச் சீமந்தம். ஒரு நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போனவள், உறவினர் வற்புறுத்தலால் மூன்று நாள் தங்கிவிட்டேன். வெயில் கடுமையாக இருந்த நாட்கள் அவை. நீர் சூடாக இருந்தால் ஊறல் விரையும். திரும்பி வந்து உருவினால் பட்டை கூழாகக் கையில் வந்தது. அலசிக் காயவைத்தபின் பார்த்தால் நிறமென்னவோ அழகான வெளிர்மஞ்சள். இரு கையால் இழுத்தால் சத்தமே இல்லாமல் பிரிந்தது. ஆயா உருவி வைத்திருந்த மற்றக் கட்டுகளின் நார் சுண்டினால் கம்பிபோல் அதிர்ந்தது. நான்கு மாதம் வளர்ந்த செடியை மூன்று நாளில் கெடுத்துவிட்டேன் என்று அன்றிரவு அழுதேன். இருந்து கற்றுக்கொள்வதென்றால் வா என்று அவர் ஏன் சொன்னார் என்பது அந்த நாரைக் கையில் வைத்திருந்தபோது விளங்கியது. ஊறலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அழுகிய நாரை ஆயா எறியவில்லை. பானை வைக்கும் பிரிமணைக்கு உள்திணிப்பாக வைத்து, வெளியே வைக்கோல் புரி சுற்றி முடித்தார். உரித்து மிஞ்சிய குச்சிகள் அடுப்புக்கும் புடலைப் பந்தலுக்கும் போயின.

திரிப்பது இவ்வளவுக்கும் பிறகுதான். கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு புரி நாரைத் தொடைமேல் பக்கம் பக்கமாக வைத்து, உள்ளங்கையால் முன்னோக்கி உருட்ட வேண்டும். இரண்டும் தனித்தனியே முறுக்கேறும். உடனே இரண்டையும் சேர்த்துப் பின்னோக்கி இழுத்தால், ஒன்றையொன்று எதிர்முறுக்காகத் தழுவிக்கொள்ளும். புரி தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கிறது; அந்த முயற்சியே கயிற்றின் முறுக்கை இறுக்குகிறது. பாரம் ஏறும்போது முறுக்கிய நார்கள் ஒன்றையொன்று இன்னும் நெருக்கிப் பிடிப்பதால்தான், சாண் நீளம்கூட இல்லாத பஞ்சிழைகள் நூலாகி, வண்டி வண்டியாகத் துணி ஆகின்றன. "முறுக்கு இல்லாட்டா நூல் இல்ல, பஞ்சுதான்" என்று மில்லில் வேலை பார்த்த என் தாத்தா சொல்வார்; அங்கே இயந்திரம் செய்ததை என் தொடையும் உள்ளங்கையும் செய்தபோது அவர் குரல் காதில் கேட்டது. ஒரு புரி தீரும் முன்பே புது நாரைச் செருக வேண்டும், இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் செருகக் கூடாது. முதல் வாரம் தொடைத்தோல் சிவந்து எரிந்தது. சிவப்புத் துணி கட்டிய செடிகளின் நாரை ஆயா தனியே எடுத்து என்னிடம் கொடுத்துத் திரிக்கச் சொன்னார். ஒன்றரை முழத்துக்கு ஒருமுறை அது முடிச்சிட்டு நின்றது.

பனையோலை முடைவதை மருமகள் அக்காவிடம் கொஞ்சம் கற்றேன். அவர் பழவேற்காட்டுப் பக்கத்தவர். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, கடற்காற்று ஈரம் கொண்டுவரும் மாலையில் முடைவார். நடுப்பகலில் மடக்கினால் ஓலை ஒடியும். நான் முடைந்தது ஒரு கொட்டான் மட்டும். இந்தக் கைவேலைக்கு எனக்கு இன்னொரு பருவம் வேண்டும்.

ஐப்பசி முதல் வாரம் நான் திரித்த எட்டு முழக் கயிற்றை, சிலும்பு போக வைக்கோல் தீயில் இலேசாக வாட்டி, புங்க மரத்தில் முன்னும் பின்னும் இழுத்து வழவழப்பாக்கி, தாத்தா கிடாரிக் கன்றுக்குத் தும்பாகப் போட்டார். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான் ஊர் திரும்பினேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு போய் வந்தேன். கன்றின் கழுத்தில் அதே கயிறு இருந்தது. நடுவில் ஓரிடம் தேய்ந்துபோய், தாத்தாவின் கையால் புதுப்புரி செருகித் திரிக்கப்பட்டிருந்தது. விதைக்கென்று விட்டிருந்த புளிச்சைக் காய்கள் முற்றிக் காய்ந்திருந்தன. கை முழுக்கச் சுணை குத்த உதிர்த்தோம். ஆயா விதையை முறத்தில் புடைத்து இரண்டு பொட்டலமாகக் கட்டினார். சின்னதைக் கொடுத்து, இது உன் மாடித் தொட்டிக்கு, தள்ளித் தள்ளிப் போடு என்றார். பெரியதைப் பரண்மேல் வைத்தார். "இது இங்க. வைகாசிக் கடைசியில வந்துடு, நெருக்கி விதைக்கணும்."