நெகட்டிவில் இல்லாத கோடு

நெகட்டிவ் ஸ்கேன் செய்யும்போது படத்தில் நேர்கோடு விழுந்தால், சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பும் முன் நெகட்டிவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து இன்னொரு ஸ்கேன் எடுங்கள். கோடு படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது ஃபிலிமில் இருக்கும் கீறல். படம் நகர்ந்தும் கோடு அதே இடத்தில் நின்றால் குறை ஸ்கேனரில். இந்த ஒரு சோதனையைச் சொல்லக்கூட ஆளில்லாமல், ஸ்கேனரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திருச்சி வரை பஸ்ஸில் போய் வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்பா கும்பகோணம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஸ்டுடியோவை மூடியாகிவிட்டது. நெகட்டிவ் மட்டும் பிஸ்கட் டின்களில், பட்டர் பேப்பர் கவருக்குள் அப்படியே இருந்தது. முக்கால்வாசி 120 ரோல் என்கிற அகலமான ஃபிலிம், மிச்சம் 35 எம்எம். கறுப்பு வெள்ளையில் நிறைய ரோல் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ஃபிலிம். இவ்வளவையும் லேபில் கொடுத்து ஃப்ரேம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டுப்படியாகாது. அதனால் மூடியில் விளக்கு உள்ள பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

விற்றவர் சொன்ன இரண்டு விஷயமும் பாதிதான் உண்மை. “டிஜிட்டல் ஐஸ் இருக்கு சார், தூசி கீறலெல்லாம் அதுவே எடுத்துடும்” என்றார். கலர் நெகட்டிவுக்குச் சரி. ஐஸ் வேலை செய்வது அகச்சிவப்பு ஒளியை வைத்து. கலர் ஃபிலிமில் உள்ள சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மட்டும் மறிக்கும். மறித்த இடத்தைப் பார்த்துச் சாஃப்ட்வேர் சரிசெய்யும். கறுப்பு வெள்ளையில் பிம்பமே வெள்ளி. வெள்ளியும் அகச்சிவப்பை மறிக்கும் என்பதால் முகத்தையும் சட்டை மடிப்பையும் தூசி என்று எடுத்துக்கொண்டு சாஃப்ட்வேர் படத்தைச் சிதைத்துவிடும். பழைய ஸ்டுடியோ நெகட்டிவுக்காக ஸ்கேனர் வாங்குகிறவர்கள் ஐஸுக்கென்று ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, “ஹோல்டர் எல்லாம் டப்பாக்குள்ள இருக்கு.” ஃபிலிமை அசையாமல் பிடித்து வைக்கும் சட்டம்தான் ஹோல்டர். இருந்தது 35 எம்எம் ஹோல்டர் மட்டும். 120 ஹோல்டர் இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை.

ஸ்கேனரை மேஜையில் வைத்து, கீழே இருக்கும் லாக்கைத் திறந்து, மூடிக்குள் இருக்கும் வெள்ளை மேட் தகட்டைக் கழற்றி, ஒயர் மாட்டியதெல்லாம் அரை மணி நேர வேலை. பழைய டிரைவர் புது கம்ப்யூட்டரில் ஏறவில்லை. வியூஸ்கேன் என்ற ஸ்கேனிங் சாஃப்ட்வேர் போட்டதும் ஸ்கேனரைக் கண்டுகொண்டது. கம்பெனி கைவிட்ட எத்தனையோ பழைய ஸ்கேனர்களுக்கு இன்றைக்கும் இதுதான் வழி.

அப்புறம்தான் கோடு. ஒவ்வொரு படத்திலும், ஸ்கேனர் தலை நகரும் திசையில், மேலிருந்து கீழ் வரை மெல்லிய கறுப்புக் கோடு. கல்யாணப் படம் ஒன்றில் மணப்பெண்ணின் நெற்றியில் தொடங்கிக் கழுத்து வழியே இறங்கியது. கலர் நெகட்டிவ் போட்டால் அதே இடத்தில் நிறம் மாறிய கோடு. மேல் கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை.

திருச்சியில் ஒரு சர்வீஸ் சென்டர். கவுண்டரில் இருந்த தம்பி போர்வையைப் பிரிக்கும்போதே, “நாங்க பிரிண்டர்தான் சார் பாப்போம்” என்றார். ஸ்கேன் எடுத்த படத்தை போனில் காட்டினேன். இரண்டு விநாடி பார்த்துவிட்டு, “சிசிடி போயிடுச்சு. போர்டோட மாத்தணும். இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது, புதுசா வாங்கிக்குங்க” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சிசிடி என்றால் ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார். பிளக்கில்கூட மாட்டிப் பார்க்கவில்லை. பார்த்ததற்கு மட்டும் பில் வந்தது. கோபம் பணத்துக்காக இல்லை. இன்னொருவராக இருந்தால் அந்தப் பேச்சை நம்பி நல்ல ஸ்கேனரைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து நெகட்டிவை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளைச் சாதாரணமாக, பேப்பர் மோடில் ஸ்கேன் செய்தேன். கோடே இல்லை. பேப்பருக்கும் ஃபிலிமுக்கும் ஒரே சிசிடிதான். அது போயிருந்தால் இரண்டிலும் கோடு வந்திருக்க வேண்டும். ஃபிலிமில் மட்டும் வருகிறது என்றால் சிசிடி நன்றாக இருக்கிறது, குறை வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வேறெங்கோதான் கேலிப்ரேஷன் இடம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் ஸ்கேனர் தன் சிசிடியின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் வாங்குகிறது என்று அளந்துகொள்ளும். பேப்பர் மோடில் இதற்கென்று உள்ளேயே ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. ஃபிலிம் மோடில், என்னுடையது போன்ற ஸ்கேனர்கள், கண்ணாடியின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதி வழியாக மூடி விளக்கை நேராகப் பார்த்து அளக்கின்றன. ஹோல்டரின் தலைப்பக்கம் ஃபிலிம் எதுவும் வைக்காமல் ஒரு நீளத் துளை விட்டிருப்பது இதற்காகத்தான். அந்த இடத்தில் ஒரு தூசி இருந்தால், அதற்கு நேரான புள்ளி ‘நமக்கு வெளிச்சம் குறைவு’ என்று கணக்குப் போட்டு, முழுப் படத்துக்கும் தன் அளவைக் கூட்டிவைத்துக்கொள்ளும். ஸ்கேனில் அது வெளிர்கோடு. நெகட்டிவைப் பாசிட்டிவாக மாற்றியதும் கறுப்புக் கோடு. சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி வரிசை என்பதால் கலரில் கோட்டுக்கு ஒரு நிறமும் சேர்ந்துவிடுகிறது.

டார்ச்சைக் கண்ணாடிக்குச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். கேலிப்ரேஷன் இடத்தில், கண்ணாடியின் அடிப்பக்கத்தில், ஒரு சின்னப் பருத்தி இழை. அதைச் சுற்றி ஒரு பரந்த சாம்பல் மங்கல். எந்தத் துணியால் துடைத்தாலும் மேலிருந்து எட்டாத இடம்.

ஆகவே திறந்தேன். ஒயரைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். மூடி விளக்கின் கேபிளைக் கழற்றி மூடியைத் தூக்கி எடுங்கள். திருகாணிகள் கண்ணுக்குத் தெரியாது. என்னுடையதில் வட்டமான பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் இருந்தன. ஊசி முனையால் நெம்பினால் வந்துவிடும். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒட்டியிருக்கும் மேல் சட்டத்தை நிமிர்த்தியதும் அடிப்பக்கம் முழுக்க ஒரு மங்கல் படலம் தெரிந்தது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கும் கிரீஸும் வருஷக்கணக்கில் ஆவியாகிப் படிவது அது. பழைய ஸ்கேனர்களில் சகஜம். படங்கள் கான்ட்ராஸ்ட் இல்லாமல் வெளுத்து வந்ததற்கும் இதுதான் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடையுங்கள். கண்ணாடியில் நேராக ஊற்றவோ ஸ்ப்ரே அடிக்கவோ வேண்டாம், விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: உள்ளே நகரும் தலைக்குள் கண்ணாடிகள் இருக்கும். அவற்றின் ரசம் பின்பக்கம் இல்லை, முகப்பிலேயே பூசியிருக்கும். துணி பட்டால் கீறல் நிரந்தரம். அங்கே ரப்பர் பம்பால் காற்று மட்டும். வாயாலும் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். தலை ஓடும் தண்டில் கிரீஸ் காய்ந்திருந்தால் பழையதைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் புதிது தடவலாம். படத்தில் நேர்க்கோடுகள் நெளிந்து வந்தால்தான் அதற்கும் அவசியம்.

மூடினேன், ஸ்கேன் எடுத்தேன். கோடு இல்லை. மணப்பெண்ணின் முகம் சுத்தமாக வந்தது. சிசிடி போன ஸ்கேனர் அது!

அடுத்து 120 ஹோல்டர். படத்துக்கு ஃப்ரேம் போடும் கடையில் கறுப்பு மவுண்ட் போர்டு வாங்கி நானே வெட்டினேன். 35 எம்எம் ஹோல்டரை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்து, கேலிப்ரேஷன் துளையை அதே இடத்தில் அதே அளவில் வெட்டுவதுதான் இதில் முக்கியம். துளை நகர்ந்தாலோ ஓரம் பிசிறினாலோ மறுபடியும் கோடு, இல்லாவிட்டால் நிறமே தாறுமாறு.

இந்த ஸ்கேனர்களில் ஃபோகஸ் மாற்ற முடியாது. கூர்மை விழும் உயரம் கண்ணாடிக்கு மேலே சில மில்லிமீட்டரில் எங்கோ நிலையாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, வேண்டாத நெகட்டிவ் துண்டு ஒன்றின் ஒரு முனையைக் கண்ணாடியில் தொடவிட்டு மறுமுனையைச் சுமார் 6 மில்லிமீட்டர் தூக்கிச் சரிவாக வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பெரிதாக்கினால் ஒரு இடத்தில் மட்டும் ஃபிலிமின் துகள், அதாவது கிரெய்ன், பளிச்சென்று தெரியும். அது நீளத்தில் பாதியில் இருந்தால் உயரம் 3 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்கு போர்டுக்கு அடியில் அட்டை ஒட்டினேன். ஸ்கேனரோடு வந்த ஹோல்டரைவிடக் கூர்மையாக வருகிறது. இதில் எனக்குப் பெருமைதான்.

மழைக்காலத்தில் ஃபிலிம் வளைந்து கண்ணாடியைத் தொட்டால், ரோட்டுத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தியது போல வளையம் வளையமாக விழும். இதை நியூட்டன் வளையம் என்பார்கள். ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொடுவதுதான் காரணம். பிம்பம் இருக்கும் மங்கலான எமல்ஷன் பக்கம் கீழே வருமாறு போட்டு, படத்தைக் கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். கனமான புத்தகத்துக்கு அடியில் சில நாள் வைத்தால் வளைவும் பெருமளவு நிமிரும்.

நெகட்டிவைத் துடைப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை அரித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும், பிம்பமே கையோடு வந்துவிடும். எங்கள் பெட்டியில் இருந்த போர்ட்ரெய்ட்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், சின்னச் சின்னக் கமா மாதிரி பென்சில் தீற்றல்கள் மினுங்கும். அப்பா ராத்திரியில் டெஸ்க் போட்டு உட்கார்ந்து செய்த டச்சிங். தழும்பும் சுருக்கமும் பிரிண்டில் தெரியாமல் இருக்க எமல்ஷன் மேலேயே பென்சிலால் இட்டது. ஆல்கஹால் வைத்து ஒரு தேய் தேய்த்தால் அவர் கைவேலை போய்விடும். அந்த நெகட்டிவ்களுக்கு மென்மையான பிரஷும் ரப்பர் பம்பும் போதும். மீதித் தூசியைக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ளலாம்.

டப்பாவில் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு 6400 புள்ளி) என்று போட்டிருப்பதைப் பார்த்து அதிலேயே எடுக்க வேண்டாம். 35 எம்எம் ஃப்ரேம் ஒன்று 16 பிட் கலரில் 300 எம்பிக்கு மேல் போகும். லென்ஸ் அவ்வளவு நுணுக்கத்தைக் காட்டாது. நான் 35 எம்எம்மை 3200இல் எடுக்கிறேன், 120ஐ 2400இல். கறுப்பு வெள்ளைக்கு 16 பிட் கிரே. கலர் மாற்றமோ ஷார்ப்பனிங்கோ செய்யாத மூல ஸ்கேனைத் தனியாகச் சேமித்துவிட்டு, பிரதியில்தான் கைவைக்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் பணத்தை எடுக்கும் முன் லேப்டாப்போடு போங்கள். மூடி விளக்கு எரிகிறதா, மூடி கேபிளும் அடாப்டரும் இருக்கின்றனவா, உங்கள் ஃபிலிம் அளவுக்கான ஹோல்டர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு வெறும் கண்ணாடியை ஃபிலிம் மோடில் ஒரு முழு ஸ்கேன் எடுத்து, சாஃப்ட்வேரில் லெவல்ஸை இறுக்கி, அதாவது கான்ட்ராஸ்டை நன்றாகக் கூட்டிப் பாருங்கள். கோடும் மங்கலும் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். இருந்தால் வாங்கக் கூடாது என்பதில்லை. வெள்ளைத் தாளையும் ஒரு ஸ்கேன் எடுங்கள். அதில் கோடு வராவிட்டால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.