ஓவிய உறை: லென்ஸை கறுப்புக் கோட்டில் வையுங்கள்

பழைய எல்பி இசைத்தட்டின் (நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு) ஓவிய உறை அசலா, பின்னால் வந்த மறுபதிப்பா என்று பார்க்க 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். அதை வண்ணப் பகுதியில் வைக்காமல், ஓவியர் பேனாவால் இழுத்த கறுப்புக் கோட்டின் மேல் வையுங்கள். அசலில் பெரும்பாலும் அந்தக் கோடு தனிக் கறுப்பு மையில், கத்தியால் நறுக்கினாற்போல் நிற்கும். பழைய உறையையே ஸ்கேன் செய்து நாலு வண்ணத்தில் அச்சிட்டிருந்தால், கோட்டின் ஓரம் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி புள்ளியாக உதிரும். சிறிய எழுத்துகளிலும் அதே கதிதான். நீர்வண்ணம் போலக் கரையும் இடங்களில் அசலிலும் புள்ளி உண்டு, அதை வைத்து ஏமாறக் கூடாது.

அமெரிக்க ஓவியர் டேவிட் ஸ்டோன் மார்ட்டின் வரைந்த ஜாஸ் இசைத்தட்டு உறைகள் இந்தச் சோதனைக்கு அருமையானவை. மெல்லிய கூர்முனைப் பேனாக் கோடு, பக்கத்தில் தட்டையாக ஒன்றிரண்டு வண்ணம், அவ்வளவுதான். மோசமான மறுபதிப்பில் அந்தக் கோடு தடித்து, உயிரே போயிருக்கும்.

அடுத்து உறையின் வாயைத் திறந்து உள்ளே பாருங்கள். வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940 வாக்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் படம் போட்ட உறைகளைத் தொடங்கினார். 1948-இல் எல்பி வந்தபோது அதற்கேற்ற அட்டை உறையையும் அவரே வடிவமைத்தார். அக்கால அமெரிக்க உறைகளில் படம் தனித்தாளில் அச்சாகி, சாம்பல் அட்டைமேல் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே சாம்பலோ பழுப்போ தெரியும். உள்ளே பளிச்சென்ற வெள்ளை என்றால் நேரடியாக அட்டையிலேயே அச்சிட்டது, பெரும்பாலும் பின்னால் வந்தது. விலை உயர்ந்த இன்றைய மறுபதிப்புகளும் ஒட்டு முறையில் வருவதால் இதை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது.

ஓவிய உறைக்குப் பெரிய எதிரி உள்ளேயிருக்கும் தட்டுதான். தட்டின் ஓரம் சற்றே தடித்திருக்கும். அடுக்கி நெருக்கினாலோ படுக்கவைத்துக் குவித்தாலோ அந்த ஓரம் அட்டையை உள்ளிருந்து தள்ளும். அங்கே மை தேய்ந்து வட்டம் விழும். தட்டையான கறுப்பு, கருஞ்சிவப்புப் பரப்பில்தான் அது கண்ணை உறுத்தும். சிலர் மார்க்கர் பூசி மறைப்பார்கள். உறையைச் சாய்த்து வெளிச்சம் காட்டினால் பூசிய இடம் ஊதாவாகப் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இசைத்தட்டை வெள்ளை உள்ளுறையோடு வெளியே எடுத்து, ஓவிய உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் வெளியுறைக்குள் போட்டால் வட்டமும் விழாது, ஓரமும் கிழியாது. பிவிசி பிளாஸ்டிக் வெளியுறை வேண்டவே வேண்டாம். நாளடைவில் கசிந்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

ஓரம் ஏற்கெனவே பிளந்திருந்தால் செலோடேப்பைத் தொடாதீர்கள். பசை மஞ்சளாகி ஓவியத்துக்குள் ஊறும். 1 செ.மீ. அகல ஜப்பானியத் தாள் பட்டையில் கோதுமை ஸ்டார்ச் பசையை மெல்லத் தடவி, உட்புறமாக ஒட்டுங்கள். உறைக்குள் பசை ஒட்டாத சிலிக்கோன் தாள் செருகாவிட்டால் முன்னட்டையும் பின்னட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மேலே கனமான புத்தகம், ஒரு இரவு. பசை தண்ணீராக இருந்தால் அட்டை நெளியும்.

லேமினேட் செய்த உறையென்றால் ஈரம் பிழிந்த துணியால் லேசாகத் துடைக்கலாம். செய்யாததில் உலர்ந்த புகைப்பஞ்சு (புகைக்கரி துடைக்கும் ரப்பர் பஞ்சு) மட்டும், அதுவும் ஒரே திசையில். முதலில் ஒரு மூலையில் சோதியுங்கள், சிவப்பு மை சில நேரம் கையோடு வந்துவிடும்.

ஸ்கேன் எடுக்கும்போது, உறை சுமார் 31.5 செ.மீ. என்பதால் ஏ4 ஸ்கேனரில் அடங்காது. நாலு துண்டாக, ஒவ்வொன்றும் 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய, 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்து இணையுங்கள். நேரே 300-இல் எடுத்தால் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதி அலையலையாகக் கோலம் விழும். 600-இல் எடுத்து, லேசாக மங்கலாக்கி, பிறகு 300-க்குக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். மங்கலாக்கும்போது கறுப்புக் கோட்டை மட்டும் தனி அடுக்காக விட்டுவிடுங்கள்.