மக்குவாரியின் இரண்டு முகங்கள்

சில நாட்களாக லாக்லன் மக்குவாரி பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் திப்புவுக்கு எதிராகப் போரிட்டவர். 1810-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு ஆளுநரானார்.

அப்போது அது கைதிகளைக் கொண்டுவந்து தள்ளிய குடியேற்றம். புழங்கப் போதிய காசுகூட இல்லை. 1812-இல் 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்கள் வந்தன. கப்பலேறி வெளியே போய்விடாமலிருக்க ஒவ்வொன்றிலும் நடுவில் ஓட்டை போட வைத்தார். வளையம் 5 ஷில்லிங், வெட்டியெடுத்த துண்டு 15 பென்ஸ். ஒரே காசிலிருந்து இரண்டு காசு! வெட்டிக் கொடுத்த வில்லியம் ஹென்ஷால், கள்ளப்பணக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்ட கைதி.

இது தற்செயல் இல்லை. தண்டனை முடிந்தவனை மற்றவர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பதில் மக்குவாரி உறுதியாக இருந்தார். முன்னாள் கைதியை மாஜிஸ்திரேட் ஆக்கினார், தன் விருந்து மேசையில் உட்கார வைத்தார். பணக்காரக் குடியேறிகள் கொதித்தார்கள். லண்டனிலிருந்து விசாரணையே வந்தது. இந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு.

ஆனால் 1816-இல் பூர்வகுடிகள்மீது படையை ஏவியவரும் இவர்தான். எதிர்த்துக் கொல்லப்படும் ஆண்களின் உடல்களை மரத்தில் தொங்கவிடுங்கள், மற்றவர்கள் பயப்படட்டும் என்று உத்தரவு. ஏப்ரல் 17 அதிகாலை, ஆப்பின் என்ற இடத்துக்கு அருகே, குறைந்தது 14 பேர் செத்தார்கள். சுடப்பட்டவர்கள் சிலர், ஓடும்போது மலைமுகட்டிலிருந்து விழுந்தவர்கள் சிலர். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு.

அவர் கல்லறையில் 'ஆஸ்திரேலியாவின் தந்தை' என்று பொறித்திருக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.