கூடிப்போன அரை பாயிண்ட்

சக்கர நாற்காலி ரக்பி மண்டல சாம்பியன்ஷிப்புக்குப் போகும் தேசிய அணியில் இடம் கிடைத்தபோது நான் பயந்தது ஆட்டத்தை நினைத்து அல்ல, உடல் இயக்கத்தை அளந்து பாயிண்ட் தரும் கிளாசிஃபிகேஷனை நினைத்துத்தான். ஏற்கெனவே போய் வந்தவர்கள், "கையைத் தூக்கச் சொல்வாங்க, இறக்கச் சொல்வாங்க, அவ்வளவுதான்" என்றார்கள். அது அவ்வளவு மட்டும் இல்லை. அடுத்து முதன்முதலாகப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

சக்கர நாற்காலி ரக்பி 1977-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்தது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு, கால்களோடு கைகளும் பலமிழந்தவர்களுக்காகத் தொடங்கிய விளையாட்டு. கூடைப்பந்து ஆடும் 28 x 15 மீட்டர் தரையில் அணிக்கு நான்கு பேர். நாற்காலியால் நாற்காலியை மோதலாம், ஆளைத் தொடக் கூடாது. பந்தோடு இரண்டு சக்கரம் கோட்டைத் தாண்டினால் கோல். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உடல் இயக்கத்தைப் பொறுத்து 0.5 முதல் 3.5 வரை ஒரு பாயிண்ட் உண்டு. தரையில் இருக்கும் நால்வரின் கூட்டுத்தொகை 8.0-ஐத் தாண்டக் கூடாது. அந்த எண்ணைத் தருவதுதான் கிளாசிஃபிகேஷன்.

முதலில் காகிதம். போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவப் படிவம் போய்ச் சேர வேண்டும். என் படிவம் திரும்பி வந்தது. "நான்கு கைகால்களிலும் பலவீனம்" என்று பொதுவாக எழுதியிருந்தார் கையெழுத்திட்ட மருத்துவர். எந்த மட்டத்தில் அடி, எந்தத் தசைக்கு எவ்வளவு பலம் என்ற விவரம் இல்லை. மறுபடி அலைந்து, பழைய எம்ஆர்ஐ அறிக்கையையும் சேர்த்து அனுப்பினேன். படிவத்தை மருத்துவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து நிரப்பி வாங்குங்கள்.

கிளாசிஃபிகேஷன் அன்று காலை பயிற்சியாளர் ஒன்றே ஒன்று சொன்னார். "கூட்டியும் காட்டாதே, குறைச்சும் காட்டாதே." குறைத்துக் காட்டினால் தடை விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கஷ்டமாக இருந்தது இன்னொன்று. அடிபட்ட நாளிலிருந்து, முடியாததை முடித்துக் காட்டத்தான் என்னைப் பழக்கியிருக்கிறார்கள். தோளை ஆட்டி, உடலைச் சாய்த்து, எப்படியாவது கையை நீட்டிவிடுவேன். அந்த அறையில் அப்படிச் செய்தால், "தோளை விடுங்க, முழங்கை மட்டும்" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

அறையில் பரிசோதிக்கும் நிபுணர்கள் மூன்று பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் ஒரு அம்மா. எங்கள் அணியின் பிசியோ என்னுடன் வந்து மொழிபெயர்த்தார். பாஸ்போர்ட் பார்த்தார்கள், ஒப்புதல் கையெழுத்து வாங்கினார்கள். எப்போது அடி, என்ன மருந்து, கையில் தசைநாண் மாற்று அறுவை செய்திருக்கிறதா என்று கேட்டார்கள். பிறகு மேசையில் படுக்கச் சொன்னார்கள். (போவதற்கு முன் சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிடுங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒன்று போதும், ரத்த அழுத்தம் எகிறித் தலை வெடிக்கும்.)

தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பு. மல்லாந்து படுத்த நிலையில் கையைக் கூரையை நோக்கி நிறுத்தி, முழங்கையை மடக்கி, நீட்டச் சொன்னார் அந்த அம்மா. இடது கை அப்படியே சரிந்தது. முகத்தில் விழும் முன் அவரே பிடித்துக்கொண்டார். வலது கை நீண்டது. அவர் மேலிருந்து அழுத்தினார், கொஞ்சம் தாங்கியது. முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசையின் மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் ஏதோ சொன்னார். அடுத்து, முதுகுக்குப் பிடிமானம் இல்லாமல் உட்கார வைத்துப் பக்கவாட்டில் சாயச் சொன்னார்கள். சாய்ந்தேன், திரும்ப நிமிர முடியவில்லை. பின்னால் நின்றவர் தாங்கிக்கொண்டார். கடைசியில் விளையாட்டு நாற்காலியில் வார் கட்டி, தள்ளுவது, நிறுத்துவது, திரும்புவது, பந்தை வாங்குவது, எறிவது.

வெளியே காத்திருந்தோம். 1.0 என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். தாளில் 1.5 என்று இருந்தது. இடது கை பலவீனம்தான், ஆனால் வலது கையில் இருந்த டிரைசெப்ஸ் சராசரியைத் தூக்கிவிட்டது என்று பிசியோ விளக்கினார். முதல் ஆட்டத்தில் என்னைக் கவனித்த பிறகே அது உறுதியாகும்.

என் கையில் பலம் இருக்கிறது என்று மூன்று நிபுணர்கள் சொல்கிறார்கள், எனக்கு அழுகை வந்தது. பயிற்சியாளரின் முதல் வரிசை 3.5, 2.5, 1.0, 1.0. சரியாக எட்டு. அந்த இரண்டில் ஒரு 1.0 நான். இப்போது 8.5. மாதக்கணக்கில் சேர்ந்து பழகிய நால்வரும் ஒன்றாகத் தரையில் இறங்க முடியாது. எதிர்த்து முறையிடலாமா என்று கேட்டேன். "அளந்தது தப்புன்னு உனக்குத் தோணுதா?" என்று பயிற்சியாளர் கேட்டார். தோன்றவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வழி சொன்னது அக்கா. எங்கள் அணியின் ஒரே பெண், 1.0. பெண் ஒருவர் தரையில் இருந்தால் அணிக்கு அரை பாயிண்ட் கூடுதலாக அனுமதி உண்டு. "இன்னொரு 1.0-ஐ ரெண்டாவது வரிசைக்கு அனுப்புங்க, நான் இங்க வர்றேன். எட்டரை சரியா வரும்" என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடியதே குறைவு, ஒரே ஒரு பயிற்சி நேரம்தான் மிச்சம். அதில் அக்கா என் நாற்காலியை இரண்டு முறை சுற்றிவரச் சொல்லிப் பார்த்தார். "வலது கை தள்ளு நல்லா இருக்கு, அதனால இடப்பக்கம் சட்டுன்னு திரும்புற. கீ-யில (கோல் கோட்டுக்கு முன்னால் உள்ள கட்டம்) நீ வலது ஓரத்துல நில்லு. நடுவுல நுழையறவனைத் திரும்பி அடை." அதுவரை எனக்கு யாரும் சொல்லாதது.

முதல் ஆட்டத்தில் தரையோரம் அந்த அம்மா தாளோடு உட்கார்ந்திருந்தார். முதல் குவார்ட்டரில் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை. எனக்கு உடலில் வியர்க்காது, இடைவேளைதோறும் முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் அடித்தால்தான் அடுத்த எட்டு நிமிடம் தாங்கும். மூன்றாம் குவார்ட்டரில் எதிரணியின் 3.0 நடுவில் புகுந்தார். வலது கையால் ஒரே தள்ளு, இடப்பக்கம் திரும்பினேன். என் நாற்காலியின் முன் கம்பி அவர் சக்கரத்தருகே கொக்கி போட்டது. அவர் அசைய முடியாமல் நிற்க, கோல் போடத் தரும் 40 விநாடி தீர்ந்து பந்து எங்களுக்கு வந்தது. "அப்படித்தான்!" என்று அக்கா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

மாலையில் தாள் வந்தது. 1.5, மறுபரிசீலனைக்கு உட்பட்டது. பின்னொரு போட்டியில் மறுபடி அந்த மேசையில் படுக்க வேண்டியிருக்கும். பயிற்சியாளர் அதைக் கோப்பில் வைத்துவிட்டு, மறுநாள் ஆட்டத்துக்கான வரிசையை எழுதினார்: 3.5, 2.5, 1.5, 1.0.