தராசடி யன்னல்

கிழக்கு லண்டனில் பழைய இரும்பும் செம்பும் வாங்கும் ஒரு யாட்டில் சில வருடங்கள் தராசடிப் பொறுப்பில் இருந்தேன். வான் வந்து தரையோடு பதித்த பெரிய தராசில் ஏறும். நிறையைக் குறித்துக்கொள்வேன். உள்ளே போய்ச் சாமானை இறக்கிவிட்டு, வெறும் வானாகத் திரும்ப ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காசு. செம்பு, பித்தளை, ஈயம் மாதிரி விலை கூடிய சாமானுக்கு யன்னலுக்குப் பக்கத்திலேயே சின்னத் தராசு ஒன்று இருந்தது.

நான் சேர்ந்த காலத்தில் செம்பு நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2008 கடைசியில் லண்டன் உலோகச் சந்தையில் தொன் 3,000 டொலருக்கும் கீழே விழுந்து கிடந்த செம்பு, 2011 பெப்ரவரியில் 10,000 டொலரைத் தாண்டியது. விலை ஏற ஏற நாட்டில் கழற்றக்கூடிய உலோகம் எல்லாம் கழன்றது. ரயில் பாதையோரக் கேபிள், தேவாலயக் கூரை ஈயம், தெரு வடிகால் மூடி, போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த வெண்கலத் தகடு, ஒன்றும் மிச்சமில்லை. 2011 டிசெம்பரில் டல்விச் பூங்காவில் நின்ற, சிற்பி பார்பரா ஹெப்வொர்த் செய்த பெரிய வெண்கலச் சிற்பத்தைக் களவெடுத்துப் போனார்கள். அதற்கு முன்னம் 2005-இல் சிற்பி ஹென்றி மூர் செய்த இரண்டு தொன் சிற்பம் ஒன்று ஹார்ட்போர்ட்ஷயரில் காணாமல் போனது. அதன் பெறுமதி 30 இலட்சம் பவுண்ஸ். அதை உருக்க விற்றவர்களுக்கு 1,500 பவுண்ஸ் அளவில் கிடைத்திருக்கும் என்று பொலிஸ் பின்னர் கணித்தது.

கள்ளனுக்குக் கிடைப்பதும் பறிகொடுத்தவனுக்குப் போவதும் ஒருநாளும் ஒத்துவராது. ரயில் சிக்னல் கேபிளில் சில மீட்டர் வெட்டினால் போதும், ஆயிரக்கணக்கான சனம் வேலைக்குப் பிந்தும். நானும் பிந்தியிருக்கிறேன். அந்தக் கேபிளே மத்தியானம் என் யன்னலடிக்கு வந்து சேரலாம் என்பது வேறு கதை.

களவுச் சாமானை எப்படி அடையாளம் காண்பது என்று பலர் கேட்பார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மின்வேலை செய்பவர் கொண்டுவரும் வயர் துண்டுதுண்டாக, பல நிறத்தில், பல மொத்தத்தில் இருக்கும். அவர் அதை எரிக்க மாட்டார். எரித்த செம்பு கறுத்துப் போகும், விலையும் குறையும். அப்படியிருந்தும் ஒருவர் உறையை எரித்துவிட்டுக் கொண்டுவந்தால், அந்த உறையில் யாரோ ஒரு கம்பனியின் அடையாளம் இருந்திருக்கிறது என்று யோசிக்கத்தான் வேணும். வீட்டுக்கூரை வேலைக்காரர் கொண்டுவரும் ஈயம் சின்னச் சின்ன ஓரத்துண்டு. தேவாலயக் கூரையிலிருந்து வந்தது தடித்தது, பாய் மாதிரிச் சுருட்டியிருக்கும், ஒரு பக்கம் பாசி காயாமல் இருக்கும். பியர் பீப்பாய் என்றால் கேள்வியே இல்லை. அது மதுபானக் கம்பனியின் சொத்து, விற்பனைக்கு வரவே கூடாது.

ஆனால் தெரிந்துகொள்வதும் திருப்பி அனுப்புவதும் ஒன்றல்ல. அப்போது நடைமுறையில் இருந்தது 1964-ஆம் ஆண்டுச் சட்டம். யாட் உள்ளூர்க் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். கொண்டுவருபவரின் பெயர், விலாசம், வாகன இலக்கம் ஆகியவற்றைப் புத்தகத்தில் எழுத வேண்டும். சொன்ன பெயர் உண்மைதானா என்று சரிபார்க்கும் வழக்கமே இல்லை. எங்கள் புத்தகத்தில் இருந்த அத்தனை ஜோன் ஸ்மித்துகளும் உண்மையாகவே இருந்திருந்தால் அந்தப் பகுதியில் வேறு யாருக்கும் குடியிருக்க இடம் கிடைத்திருக்காது. எழுதி முடித்ததும் கையில் காசு. அதோடு அந்த ஆளுக்கும் அந்த உலோகத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். பின்னேரம் எல்லாம் ஒரே குவியல்.

வேண்டாம் என்று சொன்னால், "என்னைக் கள்ளன் என்கிறாயா?" என்று ஒரு ஆறடி ஆள் கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுவருவான். அவன் கள்ளன் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, பாசி மட்டும்தான் இருக்கிறது. முதலாளிக்கும் ஒரு நியாயம் இருந்தது. நாங்கள் வாங்காவிட்டால் இரண்டு தெரு தள்ளி இருப்பவன் வாங்குவான். அது உண்மையும்தான்.

2012 ஜனவரியில் இங்கிலாந்தின் வடகிழக்கில் 'ஒப்பரேஷன் டொர்னேடோ' என்ற பெயரில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாமலே யாட்டுகள் அடையாள ஆவணம் கேட்டன. அந்த வருடம் டிசெம்பர் 3-ஆம் திகதி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்துக்குக் கையில் காசு கொடுப்பது குற்றமாயிற்று. காசோலை அல்லது வங்கிக் கணக்கு, வேறு வழியில்லை. 2013 ஒக்டோபரில் புதிய சட்டமும் நடைமுறைக்கு வந்தது. யாட்டுக்கு மூன்று வருட அனுமதிப்பத்திரம், விற்பவரின் பெயரையும் விலாசத்தையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல், பதிவுகளை மூன்று வருடம் வைத்திருத்தல். அனுமதிப்பத்திரம் கேட்பவருக்குப் பழைய குற்றத்தீர்ப்பு இருந்தால் கவுன்சில் மறுக்கலாம். தங்கமும் வெள்ளியும் மட்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் கண்காணிப்பு, பதிவேடு, தண்டனை என்றே பேசுகிறார்கள். யன்னலுக்குப் பின்னால் இருந்த எனக்கு அது தந்தது ஒரு சாக்கு. அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. "நான் உன்னைச் சந்தேகப்படவில்லை, எல்லாரிடமும் கேட்கிறேன். சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டு, வங்கி இலக்கத்தைச் சொல்." இவ்வளவுதான். ஆதாரம் தேட வேண்டிய வேலை எனக்கு இல்லை. சண்டை பிடிக்க அவனுக்கும் இடம் இல்லை. சிலர் "வானுக்குள்ளே இருக்கிறது, எடுத்துவருகிறேன்" என்று போவார்கள். வான் அப்படியே வாசலால் வெளியே போய்விடும்.

எங்கள் ஆட்களிடம் இல்லை என்று சொல்வதுதான் முன்பு இன்னும் கஷ்டம். மின்வேலை செய்யும் தமிழ்ப் பொடியன் ஒருவன் மிச்ச வயர்களை மாதத்துக்கு ஒருக்கா கொண்டுவருவான். சாமான் சுத்தமானது, எனக்குத் தெரியும். காசு நின்றதும் யன்னலில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"அண்ணை, தெரிஞ்ச ஆள்தானே, காசாத் தாங்கோவன்."

"தம்பி, என்ர கையில ஒண்டும் இல்லை. உனக்குத் தந்தால் நான்தான் கோட்டில நிக்க வேணும்."

முணுமுணுத்துக்கொண்டு வங்கி இலக்கத்தைத் தந்தான். இதில் ஒன்றைக் கவனித்தேன். புதுச் சட்டத்தைப் பற்றிக் கூடுதலாகச் சத்தம் போட்டது கள்ளர்கள் அல்ல, இவனைப் போன்ற நேர்மையான தொழிலாளிகள். மிச்சச் செம்பு விற்ற காசு யாருடைய கணக்கிலும் ஏறாத காசு. வரிக்காரனுக்குத் தெரியாது, சிலவேளை மனைவிக்கும் தெரியாது. வங்கிக்குள் போனதும் அது வருமானமாகிவிட்டது.

களவு குறைந்ததா? குறைந்தது. ஆனால் முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுக்க நான் தயார் இல்லை. 2011-க்குப் பிறகு செம்பு விலையும் இறங்கியது. பாசி பிடித்த ஈயச் சுருள் எங்கள் யன்னலடிக்கு வருவது நின்றது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அது எங்கே போனது என்பது வேறு கேள்வி. தெருத்தெருவாகச் சேகரிப்பவர்களில் ஒரு பகுதியினர் 2013 சட்டம் வரும்வரை காசுத் தடைக்கு வெளியே இருந்தார்கள். ஸ்கொட்லாந்தில் 2016 செப்டெம்பர் வரை காசுக்கு விற்கலாம். அனுமதிப்பத்திரமே எடுக்காமல் ஏதோ ஒரு ரயில் பாலத்துக்குக் கீழே தராசு வைத்திருப்பவனுக்கோ ஒரு சட்டமும் இல்லை. பொலிஸின் உலோகக் களவுச் சிறப்புப் பிரிவை 2014-இல் மூடிவிட்டார்கள். கவுன்சிலில் இதைப் பார்க்கும் அதிகாரிதான் மதுக்கடையையும் டாக்சியையும் பார்க்கிறார். எங்களிடம் வந்தால் ஒழுங்காக அடுக்கிய கோப்புகளைப் புரட்டிவிட்டுப் போவார். கோப்பே இல்லாத இடத்துக்குப் போக அவருக்கு நேரம் இல்லை.

அப்புறம் கார் சைலன்சரோடு வரும், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் என்ற பாகத்தின் களவு வந்தது. உள்ளே இருக்கும் பலேடியம், ரோடியம் என்ற அரிய உலோகங்களின் விலை ஏறியதும் 2019-இலிருந்து அது கொள்ளை நோய் மாதிரிப் பரவியது. ஜாக்கி வைத்துத் தூக்கி, அறுத்து எடுக்க ஒன்றிரண்டு நிமிடம். டொயோட்டா பிரியஸ் கார்தான் முதல் இலக்கு. லண்டனில் மினிகாப் ஓட்டும் எத்தனை தமிழர் பிரியஸ் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. விடிய எழும்பிக் காரை ஸ்டார்ட் பண்ணினால் உழவு இயந்திரம் மாதிரிச் சத்தம் போடும், அன்றைய வருமானம் போச்சு. அந்தச் சாமான் எங்கள் தராசடிக்கு வரவில்லை. தொலைபேசி இலக்கம் மட்டும் போட்ட விளம்பரம் பார்த்து, வீட்டு வாசலிலேயே வாங்குகிறவர்களுக்குப் போனது. சட்டப்படி அவர்களுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், காசு கொடுக்கக் கூடாது. எழுத்தில் ஓட்டை இல்லை, போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சட்டத்தின் எழுத்திலேயே எனக்குள்ள ஒரு குறை, சேகரிப்பவர்களைப் பற்றியது. வானில் திரிந்து பழைய குக்கர், வாஷிங் மெஷின் எடுப்பவருக்கான அனுமதிப்பத்திரம் ஒரு கவுன்சிலின் எல்லைக்குள் மட்டும் செல்லும். லண்டனில் 32 கவுன்சில், அதைவிட நகர நடுவில் 'சிற்றி ஒஃப் லண்டன்' தனி. தெருவின் இந்தப் பக்கம் ஒரு கவுன்சில், அந்தப் பக்கம் இன்னொன்று. எங்களிடம் வந்த முதியவர் ஒருவர் மூன்று கவுன்சில்களுக்குத் தனித்தனியாகக் கட்டணம் கட்டினார். ஒவ்வொன்றும் வேறு வேறு தொகை. கட்டணத்துக்குக் காசு போகிற ஆத்திரத்தில் பலர் அனுமதிப்பத்திரம் எடுக்காமலே வான் ஓடினார்கள், அவர் எடுத்து ஓடினார். லண்டன் முழுவதற்கும் ஒரே பத்திரம் கொடுத்து, அந்தக் கட்டணத்தில் நாலு பரிசோதகர்களை வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

மூன்று வருடம் முடிந்து புதுப்பிக்கும் நேரம் வந்தபோது அவர் வானை விற்றுவிட்டார். சேகரிப்பவர் தன் அனுமதிப்பத்திரத்தை வெளியே நிற்பவர் வாசிக்கக்கூடியதாக வாகனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் திரிந்த தெருக்களில் இப்போது வேறு வான்கள் ஓடுகின்றன. அந்தப் பத்திரத்தை வைத்திருக்கும் வானை நான் கண்டது மிகக் குறைவு.